கணக்கில் சேராத வண்டி

ஆமத்தூரைத் தாண்டியதும் ரோட்டின் இடப்பக்கம் அந்தப் போர்டை நட்டு வைத்திருந்தார்கள். கறுப்புப் பலகை, சிவப்பு விளக்கெழுத்து. 'சிவகாசி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு எண் எரியும். இந்த நேரத்தில் இந்த இடத்திலிருந்து கிளம்பினால் சிவகாசி போய்ச் சேர எத்தனை நிமிடம் ஆகும் என்பதுதான் அந்த எண். திருத்தங்கல் ரயில்வே கேட் அடைத்திருந்தால் ஏறும், திறந்துவிட்டால் இறங்கும். தீபாவளிக்கு வெடி வாங்க வருகிற கார்க்காரர்கள் ஒரே ரோட்டில் முட்டிக்கொண்டு நிற்காமல், எண்ணைப் பார்த்து வேறு பாதையில் திரும்பிப் போகட்டும் என்று சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்து செய்த ஏற்பாடு. சோதனைக்குத்தான். சீசன் முடிந்ததும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

எம். புதுப்பட்டி வெடிக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற மஸ்தா வேன் டிரைவர் கமாலுதீனுக்கு அந்தப் போர்டைக் கடக்கும்போதெல்லாம் முகம் தெளிந்துவிடும். "என் மக போடுற நம்பரு" என்று பின்னால் திரும்பாமலே சொல்வார். முதல் வாரம் பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் "ஆமா பாய், நேத்தும் சொன்னீக" என்றார்கள். செல்லக்கனி மட்டும், "பாய், எங்க வீட்டுக்காரரு பிராந்திக் கடையில இருந்து வீடு வந்து சேர எம்புட்டு நேரமாகும்னு எங்க தெருவுல ஒரு போர்டு வைக்கச் சொல்லுங்க. புண்ணியமாப் போகும்" என்றாள். வேன் குலுங்கச் சிரித்தார்கள். கமாலுதீனும் சிரித்தார். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் விருதுநகர் பஜாரில் கடை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். இவர் ஒருத்தர்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். அந்தக் குடும்பத்திலேயே காலேஜ் படி மிதித்தவள் இவர் மகள்தான் என்பதில் அவருக்கு அப்படியொரு நிமிர்வு.

அந்த எண்ணை மகள் கைருன்னிசா போடவில்லை. கம்ப்யூட்டர் போட்டது. எந்த வண்டியைச் சேர்க்கக் கூடாதோ அதை எடுத்துப் போடுவதுதான் அவள் வேலை.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வத்தல் மண்டியின் மாடியில் இரண்டு அறை பிடித்திருந்தார்கள். கீழே மூட்டை பிரித்தால் மேலே தும்மல் நிற்காது. ஆமத்தூரில் ஒரு பையன், திருத்தங்கலில் ஒருத்தன், சிவகாசி நுழையும் இடத்தில் ஒருத்தன், ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் செல்போனும். போகிற வண்டியின் கடைசி நாலு எண்ணைப் போனில் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். மாடியில் இருக்கிற பெண்கள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆமத்தூரில் பார்த்த எண்ணைச் சிவகாசியிலும் பார்த்துவிட்டால் நடுவில் கழிந்த நேரம் தெரிந்துவிடும். இம்புட்டுத்தான் விஷயம். இதற்கு பி.எஸ்.சி. கணக்கு எதற்கு என்று கைருன்னிசாவுக்கு எரிச்சலாக வரும். ஆனால் விருதுநகரில் பி.எஸ்.சி. கணக்குக்கு வேறு என்ன கிடைக்கும்? தீப்பெட்டி ஆபீசில் பண்டல் எண்ணலாம்.

கணக்கில் சேர்கிற வண்டி திரையில் கறுப்பாக விழும்; மற்ற வண்டிகளைவிட ரொம்பப் பிந்தி வருகிறது சிவப்பாக விழும். அதை எடுத்துவிட வேண்டும். "டீ குடிக்க நின்னவன், மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்தவன், இவங்களை எல்லாம் சேர்த்தா ரோடு எப்படி இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார் நேசகுமார். நாகர்கோவில்காரர், கம்பெனி எஞ்சினியர், அதிர்ந்து பேசத் தெரியாதவர்.

முதல் நாள் காலையிலேயே 4186 சிவப்பில் விழுந்தது. அவள் அத்தா கமாலுதீனின் வண்டி. அத்தா எங்கேயோ நின்றுவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள். மறுநாளும் சிவப்பு. அப்புறம் பார்த்தால் வெடிக் கம்பெனி வேன் ஒன்றுகூடக் கறுப்பில் விழவில்லை. ஊருக்கு ஊர் நின்று, பொம்பளைகளை ஏற்றி, பிந்தி வருகிறவளுக்கு ஹாரன் அடித்துக் காத்திருந்து போகிற வண்டி எப்படிக் கறுப்பில் விழும்? தினமும் எடுத்தாள். பிறகு அது பல் தேய்ப்பதுபோல் ஆகிவிட்டது. விரல் தானாகப் போய் அழுத்திவிடும். அந்த எண் அத்தாவுடையது என்பதே சில நாள் அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வருடம் நோன்பும் தீபாவளியும் ஒரே மாதத்தில் வந்து விழுந்திருந்தன. கமாலுதீன் விடியுமுன் சகருக்கு எழுந்து இரண்டு வாய் சோறு தின்று தண்ணீர் குடித்துவிட்டு வண்டியெடுத்தால், பகல் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஓட்ட வேண்டும். சாயங்காலம் பெண்களை ஊர்ப்பாதை பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் இறக்கிக்கொண்டு வரும்போதே பாங்கு சொல்லிவிடுவார்கள். டேஷ்போர்டில் ஒரு பேரீச்சம்பழம் வைத்திருப்பார். ஒரு கையால் வாயில் போட்டுக்கொண்டு, பாட்டில் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டுவார். வீட்டுக்கு வரும்போது பள்ளிவாசல் கஞ்சி ஆறி, மேலே ஆடை கட்டியிருக்கும்.

அன்றைக்கு வந்தவர் கஞ்சியைத் தொடவில்லை. மகளைக் கூப்பிட்டு, போர்டு எண்ணில் பிசகு வருமா என்று கேட்டார். வராது என்றாள். "அதான" என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகுதான், அம்மா ஹாஃபிஸா இரண்டு தரம் கேட்ட பிறகு, விஷயம் வெளியே வந்தது.

வெடிக் கம்பெனி மேனேஜர் சங்கரபாண்டியன் விருதுநகரிலிருந்துதான் காரில் போய் வருகிற ஆள். தினமும் போர்டைப் பார்த்துவிட்டுப் போகிறார். அதில் போட்டிருக்கிற நேரத்துக்கு அவர் கார் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாய் வண்டி மட்டும் அரைமணி நேரம் பிந்துகிறது. கடைசி ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிற நேரம். பெண்கள் வந்து அறைக்குள் உட்கார்வதற்குள் வெயில் ஏறிவிடுகிறது என்று கம்பெனிக் கேட்டில் எல்லாருக்கும் முன்னால் வைத்துச் சத்தம் போட்டிருக்கிறார். அதையும் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். "வயித்துல ஒண்ணுமில்லாம கண்ணு சொக்குதாக்கும் பாய். வண்டிய ஓரங்கட்டிட்டு எங்க படுக்கீக?" என்று கேட்டதுதான் கமாலுதீனுக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பாராம். அதற்குமேல் பிந்தினால் வேறொரு டிரைவர் நாகையாவின் வேன் சும்மாதான் நிற்கிறதாம்.

ஹாஃபிஸா கஞ்சிச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு, பிரயாணத்தில் இருக்கிறவர்களுக்கு நோன்பில் சலுகை இருக்கிறதே, சீசன் முடிந்து பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று மெல்லச் சொன்னாள். அவர் பார்த்த பார்வையில் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அத்தா, அந்த நம்பரு உங்களுக்கு உள்ளது இல்ல" என்றாள் கைருன்னிசா.

"எல்லாருக்கும் ரோடு ஒண்ணுதான கைரு."

"ரோடு ஒண்ணு. நீங்க எத்தன எடத்துல நிக்கிறீக?"

"முன்னயும் நின்னேன். முன்ன யாரும் கேக்கலயே." கண்ணைக் கசக்கிக்கொண்டார். "எனக்குத்தான் கை தளந்துபோச்சோ என்னவோ. இந்த வருசம் எதிர்லைட்டு கூசுது. நீ போடுற நம்பரு தப்பாவா இருக்கும்? ஓட்டுற என்னையத்தான் பாக்கணும்."

உங்கள் வண்டியை நான் எடுத்துப் போடுகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள். அவர் ஆறிப்போன கஞ்சியைக் கேட்டு வாங்கி, ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, அதைக் குடிக்க ஆரம்பித்திருந்தார். பகல் முழுக்கப் பட்டினி கிடந்த மனுசன் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் நேசகுமாரிடம் கேட்டாள். வேன்களையும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இது கார்களுக்கு மட்டும் என்று போர்டில் ஒரு வரி போட வேண்டும். நேசகுமார் பொறுமையாகக் கேட்டார். போர்டில் ஓர் ஊர்ப் பெயரும் இரண்டு இலக்கமும்தான் கொள்ளும், மூன்றாவது இலக்கத்துக்கே இடமில்லை என்றார். சென்னைக்கு மெயில் போடுகிறேன் என்றார். அவர் போடுவார், அதில் பொய்யில்லை. பதில் வருவதற்குள் தீபாவளி முடிந்து போர்டைக் கழற்றியிருப்பார்கள்.

"நாம ரோட்டை அளக்கிறோம்மா. ஆளை அளக்கலை."

"அங்கன கேட்டுல நிக்கிற மேனேஜரு ஆளத்தான் சார் அளக்காரு. நம்ம நம்பர வச்சு."

"அது அவர் பண்ற தப்பு" என்றார் நேசகுமார். அதுவும் சரிதான். கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம். எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்கிற இடத்தில் யார் சட்டையைப் பிடிப்பது? வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நேரே போய் மேனேஜரிடம் விளக்கிச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தாள். படித்த பெண் சொன்னால் கேட்பார்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்த காலம்.

வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கிடந்தது. காற்றில்லாத புழுக்கம். முன் சீட்டில் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கண் சிவந்திருந்தது. உதடு இப்போதே வறண்டு வெடித்திருந்தது. மகள் கூட வருவதில் அவருக்கு என்ன தோன்றியதோ, மேனேஜர் மட்டுமரியாதை தெரிந்தவர்தான், பார்த்துப் பேசு என்று மட்டும் சொன்னார்.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த வண்டியில் போயிருக்கிறாள். ஒவ்வொரு விலக்கிலும் அத்தா வண்டியை நிறுத்தி, நீட்டி ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் காத்திருப்பார். பாதிப் பின்னிய சடையோடு ஒருத்தி வருவாள். குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறாள் என்று ஒருத்திக்காக இன்னொருத்தி வந்து சொல்வாள். தண்ணீர் வருகிற நாளென்றால் குழாயடியில் குடம் நிறைகிற வரைக்கும் வண்டி நிற்கும். அதை யாரும் பிந்துவதாக நினைத்ததில்லை. வேன் என்றால் அப்படித்தான்.

இப்போது அத்தா முழுதாக நிறுத்தவே இல்லை. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே பெண்கள் கதவைத் திறந்து ஏறினார்கள். ஒருத்தியின் தூக்குவாளி படியில் இடித்துச் சாம்பார் சிந்தியது. அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். செல்லக்கனி ஏறி, "என்ன பாய் மகளே, இன்னைக்கு நீயும் திரி சுத்த வர்றியா?" என்றாள். மேடுபள்ளங்களில் வேன் தூக்கித் தூக்கிப் போட்டது. போர்டைக் கடந்தார்கள். எண்ணைப் பார்த்தார் கமாலுதீன். மகள் போடுற நம்பர் என்று அவர் சொல்லவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார்.

மேட்டுத்தெரு விலக்கில் யாரும் நிற்கவில்லை. ஆனால் உள்ளே வண்டிப்பாதையில், வேலிக்கருவைகளுக்கு நடுவே, ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. தூக்குவாளியை உயர்த்தி ஆட்டினாள். கமாலுதீன் கண்ணாடியில் பார்த்தார். வண்டி நிற்கவில்லை.

"பாய், தங்கத்தாயி வர்றா" என்றாள் செல்லக்கனி.

"தெரியுது."

"தெரிஞ்சா நிப்பாட்டலாம்ல. இன்னைக்கு அங்கன தண்ணி விடுற நாளு. உங்களுக்குத் தெரியாததா?"

"நேரமில்ல ஆத்தா. போர்ட பாத்தீகள்ல."

செல்லக்கனி கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளும் தங்கத்தாயும் எதிரெதிரே உட்கார்ந்து சரம் பின்னுகிறவர்கள். ஒருத்தி இல்லாவிட்டால் இன்னொருத்திக்கும் அன்றைக்குக் கை ஓடாது. அவள் முன்னால் குனிந்து, கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகக் கேட்டாள்:

"பாய் மகளே, ஒன் போர்டுல தங்கத்தாயிக்கு எத்தன நிமிசம் போட்டுருக்க?"

கைருன்னிசா பின்னால் திரும்பினாள்.

"போடலக்கா" என்றாள். "அவுகளுக்கும் போடல. இந்த வண்டிக்கும் போடல. அது காரு, லாரி, பஸ்ஸு போற நேரம். நின்னு நின்னு போற வண்டிய எல்லாம் எடுத்துருவோம். வெடிக் கம்பெனி வேன் ஒண்ணுகூட அதுல கெடையாது."

கமாலுதீன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "எடுத்துருவோம்னா?"

"சேக்க மாட்டோம்த்தா. கணக்குல இருந்து அழிச்சிருவோம்."

"யாரு அழிக்கிறது?"

"நாந்தான்."

திருத்தங்கல் வந்துவிட்டது. முன்னால் கேட்டில் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது. தடுப்புக் கம்பி இன்னும் இறங்கவில்லை. மோட்டார் சைக்கிள்கள் முண்டியடித்துப் பாய்ந்துகொண்டிருந்தன. ஒரு மிதி மிதித்தால் வேனும் போய்விடலாம்.

"நம்ம வண்டி நம்பரு ஒனக்குத் தெரியும்ல கைரு?"

"தெரியும்த்தா."

"தெரிஞ்சுதான் அழிச்சியா?"

"ஆமா. தெனமும்."

கமாலுதீன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அது வேர்வைக்கா வேறெதற்கா என்று அவள் பார்க்கவில்லை; பார்க்க முடியவில்லை. பிறகு பிரேக்கை மிதித்து, கையை வெளியே நீட்டி, பின்னால் வந்த லாரிக்காரன் திட்டுவதைக் காதில் வாங்காமல், அந்த அகல வண்டியை இரண்டு தரம் முன்னும் பின்னும் ஆட்டி, வந்த வழியே திருப்பினார்.

பின் சீட்டில் சலசலப்பு. ரயில்வே கேட்டை அடைத்துவிட்டால் அரை மணி நேரம் கிடக்க வேண்டும், எல்லாருக்குமே இன்றைக்குக் கம்பெனிக் கதவைச் சாத்திவிடுவார்கள், ஒருத்திக்காக இத்தனை பேர் கெட வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயமும் இருந்தது. அவள் வீட்டில் படுத்துக்கிடக்கிற புருசனுக்கு இவள் கூலிதான் மாத்திரை. இறங்குகிறவர்கள் இறங்கிக்கொள்ளலாம், பின்னாலேயே டவுன் பஸ் வரும் என்றார் கமாலுதீன். யாரும் இறங்கவில்லை. பாய்மேல் உள்ள பிரியமோ, அந்த டவுன் பஸ்மேல் உள்ள அவநம்பிக்கையோ.

தங்கத்தாய் விலக்குப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, மத்தியானச் சோற்றைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள். வேன் வந்து நின்றதும் வாயில் இருந்த கவளத்தை விழுங்க முடியாமல் விழித்தாள்.

"வேலைக்குப் போகலையேன்னு தின்னுட்டேன் பாய்" என்றாள், தப்புச் செய்தவள்போல. "வீட்டுக்குத் திரும்பிப் போனா மாமியா கேப்பா."

"ஏறு தாயி. மெதுவா ஏறு. கையக் கழுவிக்கிட்டு ஏறு."

கேட் அடைத்திருந்தது. திறந்தது. சிவகாசியில் வெடி வாங்க வந்த கார்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றன. எம். புதுப்பட்டி போய்ச் சேரும்போது மூட்டம் கலைந்து வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருந்தது. கம்பெனிக் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொல்ல, சங்கரபாண்டியன் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு செல்போன். கத்தவில்லை. கத்துகிற கட்டத்தைத் தாண்டிவிட்டவர் மாதிரி இருந்தார்.

கைருன்னிசா இறங்கிப் போனாள். தன்னை யாரென்று சொன்னாள். போர்டு எப்படி வேலை செய்கிறது, எந்த வண்டியைச் சேர்ப்பது, எதை எடுப்பது, வேன் ஏன் அதில் வராது, ஆகவே அந்த எண்ணை வைத்து வேன் டிரைவரைக் கேட்பது சரியில்லை என்று, ராத்திரி முழுக்க மனதுக்குள் அடுக்கி வைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சங்கரபாண்டியன் குறுக்கே பேசாமல் கேட்டார். நடுவில் ஒருதரம், "காலேஜ் படிச்சியாம்மா? என்ன குரூப்பு?" என்றார். சொன்னாள்.

"நல்லாப் படிச்சிருக்க. நல்லாப் புரியுது" என்றார். "ஆக, இந்த மாதிரி வண்டி வந்தா கணக்குக் கெட்டுப் போகும்னு நீயே எடுத்து வீசிருத."

"வீசல சார். சேக்கல."

"ஒங்க அத்தா வண்டிதான். பெத்த மகளே கணக்குல சேக்காத வண்டிய நான் மட்டும் எதுக்கும்மா வச்சுக்கிட்டு அழணும்?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை; அப்படியே எடுத்துத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். படிப்பு இதற்குத்தானா என்று இருந்தது.

ஆர்டர் கிடக்கிறது என்பதால் பெண்களை உள்ளே விட்டார். அரை நாள் கூலிதான் என்று சொல்லித்தான் விட்டார். சாயங்காலம் நாகையா வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், பாய் இனிமேல் வர வேண்டியதில்லை. கமாலுதீன் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

பெண்கள் ஒவ்வொருத்தியாக வேனைத் தாண்டிப் போனார்கள். நின்று பேச நேரமில்லை. தங்கத்தாய் முகத்தை மூடிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள். செல்லக்கனி டிரைவர் பக்கத்து ஜன்னலில் வந்து நின்றாள்.

"பாய், நாகையா விலக்குல நிப்பாட்டுவாரா, இல்ல மெயின் ரோட்டுக்குத்தான் நடந்து வரணுமா?"

"சொல்லி வைக்கேன். தண்ணி வர்ற நாள மட்டும் நீங்களே அவருகிட்டச் சொல்லிருங்க ஆத்தா. நான் சொன்னா மறந்துருவாரு."

"சரி பாய்" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல நின்றவள், உள்ளே போர்மேன் கூப்பிடவும் போய்விட்டாள்.

காலி வேனுக்குச் சத்தம் அதிகம். ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாக நடுங்கியது. சிவகாசிக்குள் நுழையும்போது கைருன்னிசா அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் வாயத் தொறக்காம இருந்துருக்கலாம்."

"இன்னைக்குத் தங்கத்தாயிய விட்டேன். நீ தொறக்காட்டி நாளைக்கு இன்னொரு பிள்ளய விட்ருப்பேன்." கியரை மாற்றினார். "விடு."

"என்னையத் திட்டவாவது செய்ங்கத்தா."

"நோன்பு வச்சுக்கிட்டுத் திட்டவா?"

ஊரைவிட்டு வெளியேறும் இடத்தில், குடையின் கீழ் உட்கார்ந்திருந்த பையன் வேனைப் பார்த்தான். வாய் அசைந்தது. நாலு எண். கமாலுதீன் அதைக் கவனித்துவிட்டார்.

"இப்ப நம்ம நம்பரத்தான் சொல்லுதானா?"

"ஆமா. திரும்பி வர்ற பக்கத்துக்கும் ஒரு போர்டு இருக்குல்ல."

"ஆளில்ல. எங்கயும் நிக்க வேண்டியதில்ல. நேரே ஆமத்தூருதான்." யோசித்துக்கொண்டே சொன்னார். "இப்பச் சேத்துக்கிருவாகளா?"

"சேத்துக்கிருவாக. மாடியில இருக்கிற பிள்ளைக்கு எடுக்கிறதுக்கு வேல இருக்காது. கறுப்புல விழுகும்."

"விழுந்தா?"

"மத்த வண்டியோட சேந்து போர்டுல ஏறும்."

கொஞ்ச தூரம் போனார்கள். திருத்தங்கல் கேட் திறந்து கிடந்தது. ஒரு நொடி நிற்காமல் தாண்டினார்கள். ரோடு அவர்களுக்காகவே ஒதுக்கிவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. வேன் பறந்தது.

"அப்ப, மஸ்தா வேனே இம்புட்டு நேரத்துல வந்துருச்சேன்னு நாகையாவக் கேப்பாக" என்றார் கமாலுதீன்.

காலைத் தளர்த்தினார். வண்டி வேகம் குறைந்து, ரோட்டைவிட்டுச் சரளையில் இறங்கி, ஒரு புளியமரத்தின் கீழே போய் நின்றது. சாவியைத் திருகினார்.

"என்னத்தா, ரேடியேட்டர் சூடாயிருச்சா?"

"இல்ல."

இறங்கி, பின்கதவைத் திறந்து, பெண்கள் உட்காருகிற நீள சீட்டில் காலை நீட்டிப் படுத்தார். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"ஜும்மா தொழுகைக்கு எழுப்பி விடு" என்றது துண்டுக்குள்ளிருந்து குரல். "அதுவரைக்கும் கெடக்கட்டும்."

ஆமத்தூரில் உட்கார்ந்திருக்கிற பையன் அவர்கள் எண்ணுக்குக் காத்திருக்க மாட்டான். வருகிறதை வாசிப்பான்; பிந்தி வருகிற 4186 மாடியில் சிவப்பில் விழும். கைருன்னிசா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். கார்கள் போயின, பஸ் போனது, பெட்டி அடுக்கித் தார்ப்பாய் கட்டிய லாரிகள் போயின. ஒவ்வொன்றும் கடக்கும்போது நின்ற வேன் லேசாக ஆடியது. அந்த ஆட்டத்திலேயே அவருக்குத் தூக்கம் பிடித்துவிட்டது.